மேடையேறாத நன்றியுரை

எங்கள் பக்கத்தில் சத்தம் இல்லாமல் எந்த மரியாதையும் கிடையாது. கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, கவுன்சிலர் ஜெயித்தால் வெடி, செத்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாலும் வெடி. ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ஒரு மனுஷனை உயர்த்திப் பேச வேண்டுமென்றால் மாலையும் சால்வையும் அப்புறம்தான்; முதலில் வாசலில் சரவெடி கிழிய வேண்டும். அது எம்புட்டு நேரம் வெடித்தது என்பதை வைத்துத்தான் மரியாதையின் நீளத்தைப் பேசுவார்கள். இந்தப் பழக்கத்தைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நானே பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள்.

ஒரு விழாவில் நன்றியுரை சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் பின்னல் ஷெட்டில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வந்த வினை. உலை வைத்துவிட்டு எழுதுவேன், அடிப்பேன், மறுபடியும் எழுதுவேன். கடைசியில் அந்தப் பேச்சு மேடையேறவே இல்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். பேர் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்களில் யாருக்கும் தங்கள் பேர் அடிபடுவது பிடிக்காது. ஒருவருக்கு மட்டும் பிடிக்கும். அவரை நான் பேர் சொல்லாமல் விட்டாலும் ஊர் கண்டுபிடித்துவிடும்.

என் மகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள், தொட்டால் உதறுவாள். நடுமுற்றத்தில் காலித் தீப்பெட்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருப்பாள். மந்திரித்துப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம், இருக்கன்குடிக்குப் போய் முடி இறக்கினோம். மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் "ஆட்டிசம்" என்றார். இது நோய் இல்லை, நீ செய்த தப்பும் இல்லை என்று அவர் சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதேன். அதுவரை ஊரில் ஒவ்வொருத்தரும் என் தப்பு என்னவென்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு வராததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது சத்தம். வெடிச்சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பே கிழிகிற மாதிரி இருக்கும்போல. காதைப் பொத்திக்கொண்டு எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுவாள். பிறந்த ஊரோ இது. இதில் இன்னொரு கொடுமை, என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலையே வெடித்துப் பார்ப்பதுதான். புது மருந்துக் கலவை போட்டால், பெரிய ஆர்டர் லோடு ஏறும் முன்னால், சாம்பிளை எடுத்துத் திடலில் வைத்துக் கொளுத்துவது அவர் பொறுப்பு. வருஷக்கணக்காக அதைச் செய்து அவருக்குக் காது பாதி மந்தம். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். சாயங்காலம் அவர் கையைக் காலைக் கழுவிவிட்டு மகள் பக்கத்தில் வந்தால் அவள் எழுந்து மூலைக்குப் போய்விடுவாள். மருந்து வாசனையோ என்னவோ.  அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒருநாள் அவள் ஓடிய ஓட்டம் சிவகாசி ரோட்டில் போய் முடிந்தது. லோடு லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தாள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் மதுரை பக்கத்தில் இருக்கிற ஒரு ஹோமைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அங்கேயே தங்க வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம், வெடிச்சத்தம் கிடையாதாம்.

"நான் வைக்கிற வெடியே அவள ரோட்டுக்குத் தொரத்துதுன்னா, அவ இங்கன எதுக்கு இருக்கணும்? சொல்லு," என்றார்.

பிள்ளையைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நான் சண்டை போட்டேன். அவர் அழுததைப் பார்த்த பிறகு சண்டை போட முடியவில்லை. ஹோமில் இடம் சொல்லி வைத்தார், தகரப்பெட்டிகூட வாங்கிவிட்டார். பொங்கல் வரைக்கும் தவணை கேட்டேன். அதற்குள் அவள் ஒரு சத்தத்துக்காவது ஓடாமல் இருக்கட்டும், அப்போது பார்க்கலாம் என்றார். என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

இனிதான் நன்றி.

முதல் நன்றி சிஸ்டரம்மாவுக்கு. கன்னியாஸ்திரி இல்லை, பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள்தான் அப்படிக் கூப்பிடுவோம். சிவகாசி போகிற வழியில் இருக்கிற சர்ச்சுக்குப் பின்னால் பழைய பாலர் பள்ளியின் இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கி, என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு இடம் நடத்தினார். எங்கள் சனம் அதற்கு வைத்த பேர் "சிஸ்டரம்மா ரூம்". அங்கே என் மகள் போன புதிதில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டே சுற்றுவாள். சிஸ்டரம்மா அவளோடு சேர்ந்து சுற்றுவார். முழங்கால் வலியோடு ஒரு பெரிய மனுஷி அப்படிச் சுற்றுவதைப் பார்த்து, "நீங்க உக்காருங்கம்மா, நான் பிடிச்சு உக்கார வைக்கேன்" என்றேன். "பிடிச்சு உக்கார வச்சா உடம்புதான் உக்காரும்" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிள்ளையைச் சுற்ற விட்டுவிட்டு என்ன வைத்தியம் இது என்று மனதுக்குள் வைதேன்.

இரண்டாவது நன்றி எங்கள் போர்மேன் அண்ணாச்சிக்கு. பேர் வருவது பிடிக்கும் என்று சொன்னேனே, அவர்தான். வாயைத் திறந்தால் நாலு ஷெட்டுக்குக் கேட்கும். ஆமத்தூரிலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாமல் நாங்கள் நாலைந்து தாய்மார் திண்டாடியபோது, ஆளேற்றி வரும் கம்பெனி வேன் காலையில் எங்களை இறக்கிவிட்டுச் சும்மாதானே நிற்கிறது என்று முதலாளியிடம் அவரே போய்ப் பேசினார். மறுநாளிலிருந்து வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிஸ்டரம்மா ரூமுக்குப் போனது. தாய்மார் நாங்கள் முறை வைத்து ஆளுக்கொரு நாள் லீவு போட்டுக் கூடப் போவோம். ஹாரன் அடிக்கக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு போட்டார். அந்த உத்தரவையும் அவர் கத்தித்தான் போட்டார்.

மூன்றாவது நன்றி டீச்சருக்கும் அவர் நாய்க்கும்.

டீச்சர் விருதுநகரில் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்று எங்கள் ஊரில் குடியிருப்பவர். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவரும் ஒரு சிப்பிப்பாறை நாயும்தான். வெளிநாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். சிஸ்டரம்மா லேசில் சம்மதிக்கவில்லை. ஊசி போட்டிருக்க வேண்டும், குளிப்பாட்டியிருக்க வேண்டும், கயிறு உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது என்று வரிசையாகக் கட்டளை போட்டார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாரத்தில் இரண்டு நாள் அந்த நாயும் எங்கள் வேனில் ஏறிக்கொண்டது.

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். இதன் மூஞ்சியில் எந்த முயலும் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, நீளக் காலும் கூர் மூக்குமாக, பல்லியைப் பார்த்தால்கூட டீச்சர் சேலைக்குள் ஒளியும். வேட்டைக்கு வளர்த்தவர் வெடிச்சத்தத்துக்குப் பயப்படுகிறது, உதவாது என்று கொடுத்துவிட்டாராம். "முயலுக்கே ஆகாத நாய் நம்ம பிள்ளைக்கு என்னளா செய்யப்போவுது?" என்று ஷெட்டில் ஒருத்தி கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதில் பெரிய வேடிக்கை, டீச்சர் அந்த நாயிடம் செந்தமிழில்தான் பேசுவார். "அமர்க" என்பார், உட்காரும். "எழுக" என்பார், எழுந்திருக்கும். "ஏன் டீச்சர், உக்காருன்னா கேக்காதா?" என்று கேட்டேன். "முப்பது வருசம் பிள்ளைககிட்டப் பேசிப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. இதாவது கேக்கட்டுமே," என்றார்.

நாய் வந்த முதல் வாரம் என் மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் இவளைப் பார்க்கவில்லை. மூலையில் பாயில் படுத்திருக்கும், இவள் சுற்றிக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு நாள், சுற்றும்போது அதன் வாலை மிதிக்காமல் தாண்டினாள். இன்னொரு நாள் அதன் பக்கத்தில் தீப்பெட்டியை அடுக்கினாள். நாய் அவளிடம் எதையும் கேட்கவில்லை. என்னைப் பார் என்று சொல்லவில்லை, பேர் என்ன என்று கேட்கவில்லை. அதன் விலா எலும்பு தோலுக்கு மேலே வரிவரியாகத் தெரியும். அதை ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தாள். யார் தொட்டாலும் உதறுகிற பிள்ளை தானாகப் போய் ஓர் உயிரைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு நாய் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. பெற்றவள் நான், தொடப்படுவது அது.

அப்புறம் ஒரு நாள் டீச்சர் வழக்கம்போல நாயிடம் "அமர்க" என்றார். நாய் உட்கார்ந்தது. சுற்றிக்கொண்டிருந்த என் மகளும் அதன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.  அதிலிருந்து சிஸ்டரம்மா என் மகளை உட்காரச் சொல்வதையே விட்டுவிட்டார். நாயிடம் சொன்னால் போதும். சாப்பிட, படம் பார்க்க, மணி கோக்க, எல்லாவற்றுக்கும் நாய்தான் முதலில் அமர்ந்தது. வீட்டில் நாய் இல்லாததால் நான் முருங்கைமரத்தைப் பார்த்து "அமர்க" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

தீபாவளி போனது. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குப் பிறகுதான் அமைதி. சீசன் முடிந்து கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். சாம்பிள் வெடியும் கிடையாது. வருஷத்தில் சத்தம் இல்லாத அந்த நாட்களைப் பார்த்துத்தான் ஒரு சின்ன விழா வைக்கலாம் என்று தாய்மார் சேர்ந்து சீசன் நடக்கும்போதே முடிவு செய்திருந்தோம். சிஸ்டரம்மாவுக்கும், டீச்சருக்கும், வேன் டிரைவருக்கும், போர்மேன் அண்ணாச்சிக்கும் ஆளுக்கொரு சால்வை. நாய்க்கும் ஒன்று. எனக்கு நன்றியுரை. மைக் வேண்டாம், கைகூட மெதுவாகத் தட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார் சிஸ்டரம்மா. என் வீட்டுக்காரர் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து கடைசி வரிசையில் நின்றார். மகள் முன்வரிசையில் நாயின் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தாரா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பார்த்தார்.

சிஸ்டரம்மாவுக்குச் சால்வை போட்டாயிற்று. டீச்சருக்குப் போட்டாயிற்று. நாய்க்குப் போட்ட சால்வையை அது உதறிக் கீழே தள்ளியது, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து நான் எழுந்து மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரிக்கிறேன். வாசலில் வெடித்தது.

சரவெடி. பத்தாயிரம் வாலா. கேட்டுக்கு வெளியே நீளமாக விரித்து, தனக்கும் சேர்த்துத் தானே பற்ற வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார் போர்மேன் அண்ணாச்சி. பின்னியது யார் தெரியுமா? என் ஷெட்டுப் பெண்கள். சீசன் நேரத்தில், சாப்பாட்டு வேளையில் அரைவயிறாகத் தின்றுவிட்டு, எனக்குத் தெரியாமல் பின்னியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வெறும் சால்வையா என்று. ஹாரன் கூடாது, மைக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சரவெடியை அவர்கள் சத்தத்தில் சேர்க்கவே இல்லை. அது மரியாதை அல்லவா.

வெடித்து முடிவதற்குள் ஒரு யுகம் போனது. புகை விலகியபோது முன்வரிசையில் மகள் இல்லை. நாயும் இல்லை. டீச்சர் கையில் அறுந்த கயிறு மட்டும் இருந்தது. எல்லோரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடுகிற வழியில் அண்ணாச்சியைப் பார்த்து என் வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். "கூறு இருக்கா அண்ணாச்சி உமக்கு? வாழ வைக்கேன்னு வந்து எம்பிள்ளையப் பறிகொடுத்துட்டீகளே!" என்று கத்தினேன்.  ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். மகள் இல்லை. பொங்கல் வரைக்கும் என்று கேட்ட தவணை அந்த நிமிஷத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ரோட்டுக்கு ஓடாதவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர். காது மந்தமான மனுஷனுக்கு அந்தச் சத்தத்தில் பதற்றம் இல்லை. நாய் எந்தப் பக்கம் பாய்ந்தது, மகள் அதன் பின்னால் எந்தப் பக்கம் போனாள் என்று கண்ணால் பார்த்திருக்கிறார். கட்டிடத்துக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி இருந்தது. நான் திரும்பி வந்தபோது அதன் முன்னால் அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார்.

தொட்டிக்கு அடியில், தண்ணீர் கசிந்து சேறான இடத்தில், நாய் சுருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. அதை ஒட்டி என் மகள் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் தன் காதைப் பொத்துகிற அந்தக் கைகள் இரண்டும் நாயின் காதுகளைப் பொத்தியிருந்தன. அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

அவர் குனிந்து அவளைத் தூக்கக் கை நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வேட்டிக் கரையைப் பார்த்து, "அமர்க" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. "அமர்க."

அவர் அப்படியே உட்கார்ந்தார். புது வேட்டியோடு, சேற்றில். உட்கார்ந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கா சொல்லுதா?"

"உங்களுக்குத்தான்."

 நாயின் நடுக்கம் நிற்கிற வரைக்கும் மூவரும் அங்கேயே இருந்தார்கள். அவள் எழுந்து மூலைக்குப் போகவில்லை. ரோட்டிலிருந்து திரும்பிய சனம் ஒருவர் பின் ஒருவராக வந்து, நிற்கத் தோன்றாமல் அங்கங்கே தரையில் உட்கார்ந்தது. என் நன்றியுரைக் காகிதம் கையில் கசங்கி வேர்வையில் நனைந்துபோயிருந்தது.

மதுரைப் பேச்சை என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வாங்கி வைத்த தகரப்பெட்டியைச் சிஸ்டரம்மா ரூமில் கொண்டுபோய் வைத்தார். அதில்தான் பிள்ளைகளின் மணிகளும் தீப்பெட்டிகளும் இருக்கின்றன.

அண்ணாச்சி அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். முதல் முறையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "சத்தமில்லாம மரியாத செய்ய எங்களுக்குத் தெரியலையே தாயி," என்றார். நேற்று வைத அதே வாயால் "சாப்பிட்டீகளா அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டேன். ஷெட்டுப் பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரைவயிறாகத் தின்று பின்னிய கைகள் அவை. அந்த அன்பை மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. கம்பெனி திறந்த அன்று ஒவ்வொருத்தியிடமும் போய் உட்கார்ந்து அதைச் சொன்னேன்.

சிஸ்டரம்மாதான் வழி சொன்னார். சத்தத்தை நிறுத்த முடியாது, ஊரே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளைகளால் தாங்க முடியும் என்றார். அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் சாம்பிள் வெடி வைக்கும் முன் ஆபீஸ் ரூம் போனிலிருந்து சிஸ்டரம்மா ரூமுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு மிஸ்டு கால். ஒரு தடவை அடித்து நின்றால் வெடி வருகிறது என்று அர்த்தம். அக்கம்பக்கத்துக் கம்பெனிப் போர்மேன்களிடமும் அவரே போய்ப் பேசினார். பட்டாசுக்காரன் வெடி வைக்க ஒரு பிள்ளையிடம் உத்தரவு கேட்பதா என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் மிஸ்டு கால் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து அந்த மிஸ்டு காலைக் கொடுப்பது என் வீட்டுக்காரர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. போனை எடுக்காமலேயே நாங்கள் எத்தனையோ முறை உங்களுக்குக் கும்பிடு போட்டிருக்கிறோம்.

சில வருஷம் கழித்து ஒரு நாள். காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல், மகளையும் வேனில் அனுப்பாமல் வீட்டில் படுத்திருந்தேன். டீச்சர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனதால் நாய் எங்கள் வீட்டில் இருந்தது. அதற்கும் வயதாகி மூக்கு நரைத்துவிட்டது. மத்தியானம் போன் ஒரு தடவை அடித்து நின்றது. மகள் எழுந்தாள். நாயைப் பார்த்து "அமர்க" என்றாள். இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவள் நாயின் காதுகளைப் பொத்தினாள். நான் தூங்குகிற மாதிரி அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் ஒரு வெடி. அவள் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. ஓடவில்லை. கையை எடுத்தாள், கம்பெனி இருக்கிற திசையில் விரலை நீட்டினாள், நாயிடம் சொன்னாள்.

"அப்பா."

சாயங்காலம் அவர் வந்து கையைக் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்னேன். காது மந்தம் என்பதால் முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்காதவர் மாதிரி, மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார்.